எலிக்கு எதை வாங்குவது? மும்பைச் சமையலறைக்கு ஓர் ஒப்பீடு

ஜூனில் மழை பிடித்து கட்டர்கள் (சாக்கடைகள்) நிரம்பியதும் அங்கே குடியிருந்த எலிகள் மேலே ஏறி வருகின்றன. மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் பழைய கட்டடங்களில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஹார்டுவேர் கடைக்குப் போனால் பசை அட்டை, அடிப்பொறி, கம்பிக் கூடு, விஷக் கட்டி, பிளக்கில் செருகும் அல்ட்ராசானிக் கருவி என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். பக்கத்து வீட்டு மாமி "அதெல்லாம் எதுக்கு, ஒரு பூனை வளர்த்துடுங்கோ, போதும்" என்பார். ஆளுக்கொரு யோசனை.

விலையையோ அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதையோ பார்த்து இதை முடிவு செய்ய வேண்டாம். எலி இருட்டில் எதை வைத்துச் சாப்பாட்டைத் தேடுகிறது என்று தெரிந்தால் கடையில் இருக்கும் பாதிப் பொருள்களை வாங்காமலே ஒதுக்கிவிடலாம். அதனால் முதலில் எலியைப் பற்றிக் கொஞ்சம்.

கண்ணை நம்பாத பிராணி

எலிக்குக் கண் பார்வை மட்டம். நாலடி தள்ளி இருப்பதுகூட அதற்கு மங்கல்தான். அது பிழைப்பது மூக்காலும் மீசையாலும். முகத்தின் ஒவ்வொரு பக்கமும் முப்பது சொச்சம் நீள மீசை மயிர்கள், ஐந்து வரிசையாக. நடக்கும்போது அவற்றை நொடிக்குச் சுமார் எட்டுத் தடவை முன்னும் பின்னும் வீசிக்கொண்டே போகும். மயிரில் உணர்ச்சி கிடையாது. அதன் அடி வேர் ரத்தம் நிறைந்த ஒரு சின்னப் பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நுனி எதிலாவது பட்டு வளைந்தால் வேர் அசையும், அதைச் சுற்றியுள்ள நரம்புகள் உடனே மூளைக்குச் செய்தி அனுப்பும். 1970-இல் வூல்சி, வான் டெர் லூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சுண்டெலி மூளையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, மீசைகள் முகத்தில் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் மூளையிலும் சின்னச் சின்ன பீப்பாய் வடிவ நரம்புத் திட்டுகள் இருந்தன. ஒரு மீசைக்கு ஒரு திட்டு. நம் மூளையில் விரல் நுனிகளுக்கு எவ்வளவு இடமோ, அந்த மாதிரி மரியாதை எலியின் மூளையில் மீசைக்கு.

இதனால் நமக்கு என்ன? எலி அறையின் நடுவில் நடக்காது. ஒரு பக்க மீசையும் உடம்பும் சுவரில் உரசுகிற மாதிரிதான் ஓடும். தினமும் அதே பாதை. சிலிண்டருக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், குழாய் ஓரமாகச் சுவரில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அது எலியின் உடம்பு தேய்ந்த தடம். சந்தேகமாக இருந்தால் ராத்திரி அந்த ஓரத்தில் கொஞ்சம் மைதா தூவி வையுங்கள். காலையில் கால் தடமும், நடுவே வால் இழுத்த கோடும் தெரியும்.

மூக்கு இன்னும் சுவாரசியம். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் பென்னட் கேலஃப் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். ஒரு எலி கோகோ கலந்த தீனி தின்றுவிட்டு வந்து இன்னொரு எலியோடு மூக்கோடு மூக்கு உரசினால் போதும். அந்த இரண்டாவது எலி பிறகு தானாகவே கோகோ தீனியைத் தேர்ந்தெடுக்கும். முதல் எலியின் மூச்சில் வரும் கார்பன் டைசல்பைடு என்ற வாயுவோடு சேர்ந்து வந்த வாசனை என்றால் 'இது பாதுகாப்பான சாப்பாடு' என்று அது எடுத்துக்கொள்கிறது என்பதை 1988-இல் கண்டுபிடித்தார்கள். கட்டரில் இருக்கும் எலிக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டு மெனு ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம்.

எலியால் வாந்தி எடுக்க முடியாது. தப்பானதை விழுங்கிவிட்டால் வெளியே தள்ள வழியில்லாததால், வாயில் வைக்கும் முன்பே அத்தனை எச்சரிக்கை. புதிதாக எதைக் கண்டாலும், அது பொருளோ பண்டமோ, சில நாள் ஒதுங்கியே போகும். ஒருமுறை தின்று உடம்புக்கு முடியாமல் போய்ப் பிழைத்துவிட்டால் அந்த ருசியை மறக்காது. 1950-களில் அமெரிக்காவில் ஜான் கார்சியா இனிப்புத் தண்ணீரை வைத்து இதைக் காட்டினார்.

வந்திருப்பது எது?

மூஞ்சூறா, சுண்டெலியா, வீட்டெலியா, கட்டர் எலியா, பெருச்சாளியா? இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் காசு தண்டம்.

நீளமான கூர் மூக்கு, சின்னக் கண், 'கிச் கிச்' சத்தம், ஒரு மாதிரிக் கவிச்சி நாற்றம் என்றால் அது மூஞ்சூறு, இந்த ஊரில் சுச்சுந்தர் என்பார்கள். இது எலி இனமே இல்லை. பார்வை எலியை விட மோசம். மீசையும் மூக்கும்தான் எல்லாம். தேடி வருவது உங்கள் அரிசியை அல்ல, கரப்பானை. இதன் உறவான எட்ரஸ்கன் மூஞ்சூறு இரண்டு கிராம் எடையே உள்ள பிராணி. அது மீசையால் தொட்டே சுவர்க்கோழிப் பூச்சியின் உருவத்தை உணர்ந்து இருட்டில் பாய்ந்து கடிக்கிறது என்று பெர்லினில் மைக்கேல் பிரெக்டின் ஆய்வகம் காட்டியிருக்கிறது. பிளாஸ்டிக்கில் செய்த சுவர்க்கோழியை வைத்தாலும் பாய்ந்ததாம். ஆக மூஞ்சூறு வந்தால் கதவைத் திறந்து துடைப்பத்தால் ஓரமாகவே வழிகாட்டி வெளியே விடுங்கள். சுவர் ஓரத்தை விடாமல் போவதால் அது சுலபம். பிள்ளையாரின் வாகனம் என்று நம்மவர்கள் அதை அடிக்கத் தயங்குவது நல்லதுதான். கரப்பான் மருந்துச் செலவு மிச்சம்.

புழுக்கை சீரகம் அளவு என்றால் சுண்டெலி. அரை அங்குலம் நீளத்தில் முனை கூராக இருந்தால் வீட்டெலி. இது ஏறும் ஜாதி, பரணிலும் குழாயிலும் தேட வேண்டும். முக்கால் அங்குலம், முனை மழுங்கல் என்றால் கட்டர் எலி. பெருச்சாளி வீட்டுக்குள் குடியேறுவதைவிட அஸ்திவாரத்தைத் தோண்டுவதில்தான் கெட்டி. பெரியது ஒரு கிலோவைத் தொடும்.

பிளக்கில் செருகும் கருவி

இதை முதலில் கழித்துவிடலாம். நமக்குக் கேட்காத சத்தம் எலிக்குக் கேட்கும் என்பது உண்மை. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நிற்கிறது, எலிக்கு 80 வரை போகும். எலிகள் பேசிக்கொள்வதே அந்த உயரத்தில்தான். ஆபத்து என்றால் 22 கிலோஹெர்ட்ஸில் கத்தும், விளையாட்டில் சந்தோஷம் வந்தால் 50-ஐ ஒட்டி. கிச்சுகிச்சு மூட்டினால்கூட இந்த இரண்டாவது சத்தம் வரும் என்று ஜாக் பேங்க்செப் என்ற விஞ்ஞானி காட்டினார்.

ஆனால் இவ்வளவு உயர்ந்த சத்தம் சுவரைத் தாண்டாது, ஃபிரிட்ஜைச் சுற்றிக்கொண்டு போகாது, அரிசி மூட்டையில் பட்டால் அங்கேயே செத்துவிடும். எலி இருப்பதோ ஃபிரிட்ஜுக்குப் பின்னால். அப்படியே காதில் விழுந்தாலும் நாலைந்து நாளில் பழகிப்போகும். சாப்பாடு இருக்கும் இடத்தில் சத்தம் ஒரு பொருட்டில்லை. லோக்கல் ரயில் தண்டவாளத்தின் அடியிலேயே குடும்பம் நடத்துகிற பிராணி அது. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2001-இல் இந்த மாதிரிக் கருவி தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்குமாக 60-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இன்றும் புதுப் புதுப் பெயரில் விற்கிறது. இன்னொன்று, பூனையின் காதும் எலிக்கு ஈடாக உயரக் கேட்கும். பூனையும் கருவியும் ஒரே வீட்டில் என்றால் பாவம் பூனை.

புதினா எண்ணெய், அந்துருண்டை, மிளகாய்ப் பொடி எல்லாம் இதே கதை. கட்டர் நாற்றத்தில் வளர்ந்த மூக்கு புதினாவுக்கு ஓடுமா? அந்துருண்டை குழந்தைகள் வாயில் போட்டால் ஆபத்து வேறு.

பசை அட்டை

மும்பையில் அதிகம் விற்பது இதுதான் என்று தோன்றுகிறது. மலிவு, விஷம் இல்லை, மாட்டியதும் கண்ணுக்குத் தெரியும். சுண்டெலிக் குஞ்சுகள் மாட்டவும் செய்யும். வளர்ந்த வீட்டெலிக்கு மட்டும் இது பாதி நாள் பலிக்காது. காலை வைக்கும் முன் மீசை அங்கே போய்விடும். நுனியில் பிசுபிசுப்பு பட்டதும் எலி பின்வாங்கிச் சுற்றிப் போகலாம், தாவியும் போகலாம். மழைக்கால ஈரமும் சமையலறை மாவுத் தூசியும் பசையின் பிடிப்பைக் குறைத்துவிடும்.

மாட்டினால்? அது இன்னும் சங்கடம். சாகாது. மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் கத்தும். பயத்தில் சிறுநீர் கழிக்கும், எலிக்காய்ச்சல் பரவுவதே அதில்தான். கூடவே பல்லி, மூஞ்சூறு, குருவி எல்லாம் மாட்டும். இந்திய விலங்குகள் நல வாரியம் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜூலை இறுதியிலிருந்து உரிமம் இல்லாதவர்கள் இதை வைப்பது குற்றம். என் கணக்கில் இதற்கு வீட்டில் இடமில்லை. ஏற்கெனவே வைத்து வேறு ஏதாவது மாட்டிக்கொண்டிருந்தால் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்த்தால் பசை விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

விஷம்

இங்கே எலியின் மூளைக்கும் மனிதனின் மூளைக்கும் பழைய சண்டை. உடனே கொல்லும் மருந்து என்றால், கொஞ்சம் தின்று வயிறு கலங்கிப் பிழைத்த எலி அதை மறுபடி தொடாது. துத்தநாக பாஸ்பைடு இந்த வகை. அதனால்தான் 1948-இல் வந்த வார்ஃபரின் பெரிய விஷயமானது. ரத்தம் உறையாமல் செய்யும் இந்த மருந்து பல நாள் கழித்தே வேலை காட்டுவதால், எதைத் தின்று இப்படி ஆனது என்று எலியால் முடிச்சுப் போட முடியவில்லை. பிறகு சில ஊர் எலிகள் அதற்கும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டன. இப்போது கடைகளில் நீல, பச்சைக் கட்டியாக வருவது பெரும்பாலும் புரோமாடியோலோன். அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை.

ருசியையும் மூக்கையும் ஏமாற்றுவதில் இது வென்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் வைக்க மட்டும் நான் சொல்ல மாட்டேன். தாகம் எடுத்து வெளியே போய்ச் சாகும் என்று கடையில் சொல்வதில் உண்மை இல்லை. உடம்பு தளர்ந்த எலி பொந்துக்குத்தான் போகும். பொந்து உங்கள் சமையல் மேடைக்கு அடியில் என்றால் பத்து நாள் நாற்றத்துக்குத் தயாராக இருங்கள். அப்படித் தளர்ந்து திரியும் எலியைத் தின்னும் பூனை, ஆந்தை, பருந்து எல்லாவற்றுக்கும் விஷம் போய்ச் சேரும். வெண்ணாந்தை இருட்டில் காதை மட்டும் வைத்து எலியைப் பிடிக்கும். இரண்டு காதும் உயரத்தில் ஏறுக்குமாறாக இருப்பதால் சத்தம் மேலிருந்தா கீழிருந்தா என்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். அந்த ஓசியான வேலைக்காரரையும் சேர்த்துக் கொல்வது நஷ்டம்.

குழந்தை இருக்கும் வீட்டில் கேள்வியே இல்லை. டியூபில் வரும் எலி விஷப் பசைகளில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தால் அதை வாசலுக்கே விடாதீர்கள். கல்லீரலை அழிக்கும், மாற்று மருந்து கிடையாது. கட்டி மருந்து தின்றுவிட்டாலாவது வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். அதற்கும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு.

பூனை

மாமி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. பூனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. பாயும் கடைசி நொடியில் மீசையை முன்னால் வலை மாதிரி விரித்து, எலி எந்தப் பக்கம் திமிறுகிறது என்று அதிலேயே உணர்ந்து கழுத்தைக் கவ்வும். முன்னங்கால் பின்புறத்திலும் அதற்கு மீசை உண்டு. ஆயுதம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் பூனைக்கும் கணக்குத் தெரியும். பதினைந்து இருபது கிராம் சுண்டெலியோடு விளையாடும், முந்நூறு கிராம் கட்டர் எலி பல்லைக் காட்டினால் யோசிக்கும். நியூயார்க்கின் புரூக்லினில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் இதை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். எலிகள் நிறைய, தெருப் பூனைகளும் இருந்தன. 79 நாள் கேமராவில் பார்த்ததில் கொன்றது விரல் விட்டு எண்ணும் அளவுதான். பூனை வந்த நாள்களில் எலிகள் வெளியே தலைகாட்டுவதைக் குறைத்துக்கொண்டன, அவ்வளவே. நாம் பார்ப்பது குறைந்ததும் எலியே குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சுண்டெலித் தொல்லைக்குப் பூனை சரி. பூனை பிடித்தவர்கள் வளர்க்கட்டும். எலிக்காக மட்டும் என்றால் வேண்டாம். அப்புறம், கட்டடத்துக் கீழே தெருப் பூனைக்கு வைக்கும் சோற்றை ராத்திரி அப்படியே விட்டால் விருந்து யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

கூடா, அடிப்பொறியா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். கம்பிக் கூட்டில் ரத்தம் இல்லை, கை நசுங்காது. சிக்கல் காலையில்தான் ஆரம்பிக்கும். உள்ளே உயிரோடு ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். அதை என்ன செய்வது? அடுத்த தெருவில் விட்டால் அடுத்த தெருக்காரருக்குப் போய்ச் சேரும். தண்ணீரில் முக்குவது கொடுமை. எலியோ நன்றாக நீந்தும், மூச்சடக்கும், அதனால் அது நீண்ட கொடுமை. இதற்குப் பதில் சொல்ல மனமில்லாதவர்கள் கூடு வாங்க வேண்டாம்.

அடிப்பொறி சரியாக வைத்தால் நொடியில் முடித்துவிடும். கம்பி வலுவாக, மிதி அகலமாக இருப்பதை வாங்குங்கள். சுண்டெலிப் பொறியை வீட்டெலிக்கு வைத்தால் காயம்பட்டு ஓடும். வைக்கும் இடம்தான் எல்லாம். மீசை உரசும் பாதையில், சுவருக்குச் செங்குத்தாக, இரை வைத்த முனை சுவரை ஒட்டி இருக்க வேண்டும். அறை நடுவில் வைத்த பொறியில் உங்கள் கால் விரல்தான் மாட்டும். வீட்டெலி என்றால் பரணிலும் குழாய் ஓரத்திலும்.

புதுப் பொருளைக் கண்டு ஒதுங்கும் எலிக்கு முதல் சில நாள் பொறியை இழுத்து மாட்டாமல் இரையை மட்டும் வையுங்கள். சாப்பிட்டுப் பழகட்டும். இரை தொடர்ந்து காணாமல் போனதும் ஒரே ராத்திரியில் எல்லாப் பொறிகளையும் மாட்டுங்கள். ஒன்று போதாது, தடம் தெரியும் இடமெல்லாம் வேண்டும். சுண்டெலி இதற்கு நேர் எதிர். புதுசைப் பார்த்தால் வந்து முகரும். அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஆறேழு அடிக்கு ஒன்று வைத்தால் போதும்.

இரை என்ன? நம் ஊரில் எலிக்கூடு என்றாலே மசால்வடை. கேலஃப் கண்டுபிடித்ததை வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டில் மசால்வடை சுட்டால்தான். எலி ஏற்கெனவே எதைக் கடித்துப் பார்த்திருக்கிறதோ அதையே வையுங்கள். தேங்காய்ச் சில்லோ, நெத்திலிக் கருவாடோ. சீஸ் வேண்டாம். இரையை நூலால் மிதியில் கட்டிவிட்டால் உருவிக்கொண்டு ஓடாது.

ஓட்டை

பொறி எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஓட்டை திறந்திருந்தால் இடம் காலியாகும், அடுத்தது வரும். மண்டை நுழைந்தால் உடம்பு நுழையும். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும், வீட்டெலிக்குக் கட்டைவிரல். ஏசி பைப் போகும் ஓட்டை, மேடைக்கு அடியில் சிங்க் குழாய் இறங்கும் இடம், மோரியின் (கழுவும் இடத்தின்) நஹானி டிராப் எனும் தரை வடிகால், குளியலறை ஜன்னல் என்று ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் சிமெண்ட் காயும் முன்பே குடைந்துவிடும், பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிப்பது அதற்கு அன்றாட வேலை. பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி நாரை ஓட்டைக்குள் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். சாதா இரும்பு நார் மும்பை ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். நஹானிக்குத் திருகு போட்ட ஸ்டீல் ஜாலி. அடுப்புக்கு வரும் ரப்பர் குழாய் பழையதாக இருந்தால் உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சுக் குழாயாக மாற்றுங்கள். எலி கடித்த காஸ் குழாய் விளையாட்டில்லை.

ஆக என் தேர்வு: ஓட்டை அடைப்பதும் அடிப்பொறியும் சேர்த்து. குறைந்த செலவும் இதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்பதுதான் குறை. வேலையை மழைக்கு முன், மே மாதத்திலேயே முடித்துவிடுவது உத்தமம். முதலில் பொறி, தடம் ஓய்ந்த பிறகு உள்பக்க ஓட்டைகள். முன்பே அடைத்தால் உள்ளே இருப்பது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புழுக்கையை உலர்வாகப் பெருக்காதீர்கள். பிளீச்சிங் கரைசல் தெளித்து, ஊறவிட்டு, கையுறையோடு துடையுங்கள். 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பின் இந்த ஊரில் எலிக்காய்ச்சல் எத்தனை பேரைப் படுக்கையில் தள்ளியது என்பது அப்போது இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளத்தில் காலில் புண்ணோடு நடந்தவர்கள் காய்ச்சலுக்குக் காத்திராமல் டாக்டரைப் பாருங்கள்.

பெருச்சாளி அஸ்திவாரத்தைத் தோண்டுகிறது என்றால் அது தனி வீட்டு வேலையில்லை, சொசைட்டி கூட்டத்தில் பேச வேண்டியது. மாநகராட்சியின் வார்டு ஆபீஸில் பூச்சித் தடுப்புப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் டார்ச்சும் தடியுமாக எலி பிடிக்கவென்றே அவர்களிடம் ஆட்கள் உண்டு. எழுத்தில் புகார் கொடுங்கள். தனியார் கம்பெனியைக் கூப்பிட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன மருந்து, பூட்டிய பெட்டிக்குள் வைப்பீர்களா, செத்ததை எடுக்கத் திரும்ப வருவீர்களா. மூன்றாவதற்குத் தயங்கினால் அடுத்த கம்பெனிக்குப் போன் போடுங்கள்.